பினாங்கிலிருந்து ஆர்க்டிக் நிலையத்துக்கு வேலைக்கு: ஏப்ரலில் அங்கே ஒரு நாள் எப்படிப் போகும்?

கேள்வி, பிப்ரவரி 26

என் மகள் பினாங்கில் யூ.எஸ்.எம் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறாள், கடல் பாசி ஆராய்ச்சி. ஏப்ரலில் ஆர்க்டிக்கில் நோர்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் உள்ள ஆய்வு நிலையத்துக்குச் சில வாரம் போய் வேலை செய்ய வாய்ப்பு வந்திருக்கிறது. ஏர்கோனை இருபதில் வைத்தாலே போர்வை தேடுகிற பெண். அங்கே பனிக்கரடி இருக்கிறதாம், கைப்பேசி வேலை செய்யாதாம். நம்மவர்கள் யாராவது போயிருக்கிறீர்களா? சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாம் எப்படி? சுற்றுலா விளம்பரம் மாதிரி வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 26, இரவு 11.15

போயிருக்கிறேன் அக்கா. விஞ்ஞானியாக இல்லை, ரிப்பேர்காரனாக. பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில், தூசி புகாத கிளீன் ரூமில் டெக்னீஷியன் வேலை எனக்கு. ஒரு பல்கலைக்கழகக் குழுவின் காற்று மாதிரிக் கருவிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது, ஒரு வசந்த சீசனுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இடம் ஸ்வால்பார்டில் நி-ஓலசுன் என்ற ஊர். உங்கள் மகளும் அநேகமாக அங்கேதான் போவாள். அந்த ஊரில் கடல் ஆய்வகம் ஒன்று இருக்கிறது, பாசிக்காரர்கள் அதைத் தேடித்தான் வருவார்கள்.

கூடாரம், பனிப்புயல், தாடியில் பனிக்கட்டி என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். அது ஒரு சின்ன ஊர், முன்னாள் நிலக்கரி ஊர். 1962இல் சுரங்கம் வெடித்து 21 பேர் இறந்தார்கள், அடுத்த வருடம் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். அந்தக் காலத்து மர வீடுகள் பலவற்றில்தான் இன்று பல நாட்டு நிலையங்கள் இருக்கின்றன. குளிர்காலத்தில் முப்பது சொச்சம் பேர் இருப்பார்கள், கோடையில் நூறைத் தாண்டும். ஏப்ரல் இரண்டுக்கும் நடுவில்.

நாள் எப்படிப் போகும் என்றால், பெரும்பகுதி எதையாவது சுத்தம் செய்வதிலும் சரி செய்வதிலும் போகும். அறிவியல் அதற்கு நடுவே கிடைத்த நேரத்தில் நடக்கும். மற்றதை நாளை எழுதுகிறேன், எனக்குக் காலை ஷிப்ட்.

பிப்ரவரி 27, மாலை 6.50

குளிர். ஏப்ரலில் அங்கே சராசரி பூஜ்யத்துக்குக் கீழே எட்டு, பத்து டிகிரி. இன்று பாயான் லெப்பாஸில் 33. ஆனால் பெண் நடுங்கிக்கொண்டே இருப்பாள் என்று நினைக்காதீர்கள். கட்டடத்துக்குள் நல்ல சூடு, எல்லாரும் டீ சட்டையில்தான் திரிவார்கள். வெளியே போகும்போதுதான் சடங்கு.

அந்தச் சடங்கு எனக்குப் பழகினது. கிளீன் ரூமுக்குள் போகிறவனுக்கு உடுப்பு வரிசை தெரியும்: முதலில் இது, அப்புறம் அது, கடைசியாகக் கையுறை, எதைத் தொட்டபின் எதைத் தொடக்கூடாது. அங்கேயும் அதே கதை. உள்ளே கம்பளி, நடுவில் ஒரு அடுக்கு, மேலே காற்றுப் புகாத உடுப்பு, இரண்டு சோடிக் கையுறை. மெல்லியதைப் போட்டுக்கொண்டே ஸ்குரூவைத் திருப்பலாம், தடித்ததைக் கழற்றிவிட்டால் சில நிமிடத்தில் விரல் சொன்ன பேச்சைக் கேட்காது. கழிவறைக்குப் போய்விட்டு வந்து உடுத்துவது நல்லது. எல்லாத்தையும் மாட்டிய பிறகு வயிறு கூப்பிட்டால் பாவம்தான்.

பருத்தி உள்சட்டை வேண்டவே வேண்டாம். வியர்த்து நனைந்தால் உடம்போடு ஒட்டிக் குளிரும். லிட்டில் இந்தியாவில் துணி எடுத்துக் கொடுக்க நினைத்தால் திருவிழாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 27, இரவு 9.05

மேலே சொன்ன மைனஸ் பத்து, காற்று இல்லாத நாளுக்கு. மலைப் பக்கமிருந்து காற்று கிளம்பினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை, முகத்தில் தெரிகிற கொஞ்சூண்டு தோலும் எரியும். ஆகவே தெர்மாமீட்டரைப் பார்த்து உடுத்தாமல் கொடியைப் பார்த்து உடுத்தச் சொல்லுங்கள்.

தேங்காய் எண்ணெய் கொடுத்து அனுப்பலாமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். என் அம்மாவும் ஒரு போத்தல் கொடுத்தார். பயணப் பெட்டியில் இறுகியது, அதன்பின் ரேடியேட்டர் மேல் வைத்தால்தான் உருகியது. உதட்டுக்கு வாசலின் போதும்.

மார்ச் 1, மதியம் 1.20

ஈப்போத் தம்பி கேட்டது: "அண்ணே, கைப்பேசி ஏன் வேலை செய்யாது? டவர் இல்லையா?"

டவர் கதை வேற தம்பி. அந்த ஊரில் நோர்வேயின் நில அளவைத் துறை பெரிய வானொலித் தொலைநோக்கிகள் வைத்திருக்கிறது, 13 மீட்டர் குறுக்களவில் இரண்டு ஆன்டெனா. கோடிக்கணக்கான ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிற குவேசார் என்ற பிரகாசமான விண்பொருள்களிலிருந்து வரும் ரேடியோ அலையைப் பிடித்து, பூமி எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, கண்டங்கள் எவ்வளவு நகர்கின்றன என்று அளக்கிறார்கள். அந்தச் சமிக்ஞை அவ்வளவு பலவீனம். அதனால் ஊரைச் சுற்றி 20 கிலோமீட்டருக்கு ரேடியோ அமைதி, 2 முதல் 32 கிகாஹெர்ட்ஸ் வரை எதுவும் அலை விடக்கூடாது. வைஃபையும் புளூடூத்தும் அந்த எல்லைக்குள்தான் வருகின்றன. ஸ்மார்ட் கைக்கடிகாரம், காதில் மாட்டுகிற ஒலிக்கருவி, கம்பியில்லா மவுஸ், எல்லாவற்றையும் அணைத்துவிடணும்.

இன்டர்நெட் உண்டு, கேபிளில். லேப்டாப்பில் கேபிள் குத்துகிற ஓட்டை இல்லையென்றால் அடாப்டர் வாங்கிக்கொண்டு போகணும். வீட்டுக்குப் பேசுவதற்கும் அதுதான் வழி. மார்ச் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைத் தள்ளி வைத்த பிறகு நமக்கும் அவர்களுக்கும் ஆறு மணி நேர வித்தியாசம். அங்கே இரவுச் சாப்பாடு முடிகிற ஐந்தரைக்கு இங்கே இரவு பதினொன்றரை. அம்மா விழித்திருக்கணும். என் அம்மா விழித்திருந்தார், சீரியல் பார்த்தபடி.

ஒரு நன்மை: சாப்பாட்டு மேசையில் ஆள் ஆளைப் பார்த்துப் பேசுகிறார்கள். முதல் சில நாள் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகும், அப்புறம் மறந்துவிடும்.

மார்ச் 1, மாலை 5.40

ஐந்தரைக்கே இரவுச் சாப்பாடா என்று இரண்டு பேர் சிரித்திருக்கிறீர்கள். ஆமாம். ஊர் முழுக்க ஒரே சாப்பாட்டுக்கூடம், அவரவர் நிலையத்தில் பானை வைத்துச் சமைப்பதில்லை. மூன்று வேளைக்கும் நேரம் கறார். தவறவிட்டால் கடை தேடி ஓட நாசி கண்டார் கடையா இருக்கிறது? வாசலில் காலணியைக் கழற்றியாகணும், சுரங்கக் காலத்து வழக்கம் அது. கரித்தூளை வீட்டுக்குள் கொண்டு வரக்கூடாதென்று வந்த பழக்கம், கரி போய் அறுபது வருடமாகியும் போகவில்லை. நமக்கென்ன, பிறந்ததிலிருந்தே வாசலில் கழற்றுகிறவர்கள்தானே. ஐரோப்பியர்கள்தான் ஓட்டைக் காலுறையை மறைக்கப் பாடுபடுவார்கள்.

காலையில் பசியாற ரொட்டி, முட்டை, மீன், பழுப்பு நிறத்தில் இனிப்பாக ஒரு பாலாடைக்கட்டி. அந்தக் கட்டியைச் சிலர் உயிராகத் தின்பார்கள், எனக்கு ஒட்டவேயில்லை. மதியமும் இரவும் சூடான சாப்பாடு, தாராளமாகவே இருக்கும். காரம் மட்டும் இல்லை. சனிக்கிழமை இரவு மேசை விரிப்புப் போட்டு எல்லாரும் நல்ல உடுப்பில் வருவார்கள். மகளின் பெட்டியில் ஒரு நல்ல சட்டை வைத்துவிடுங்கள், வாரம் முழுக்க ஒரே கம்பளியில் இருந்தவர்களுக்கு அந்த ஒரு ராத்திரி பெரிய விஷயம்.

நெத்திலிச் சம்பல் கொண்டு போகலாம். சருண்டிங் (உலர்த்திய இறைச்சித் துருவல்) வேண்டாம், இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து நோர்வேக்குள் எடுத்துப்போக முடியாது. பிளாச்சான் (இறால் விழுது) போட்ட சம்பலை இரண்டு பேர் தங்கும் அறையில் திறக்கும்முன் அறைத்தோழியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். சன்னலைத் திறந்து வாடையை விரட்டலாம் என்றால் வெளியே மைனஸ் பத்து.

மார்ச் 4, இரவு 10.30

கரடி. எல்லாரும் இதற்குத்தான் காத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது.

நான் பார்த்தது தூரத்தில், பைனாகுலரில், ஒரு மஞ்சள் புள்ளி. அவ்வளவுதான். ஆனால் ஊர் முழுக்க அதை வைத்துத்தான் ஓடுகிறது. கட்டடக் கதவுகளைப் பூட்டமாட்டார்கள், கரடி வந்தால் எந்த வீட்டுக்குள்ளும் யாரும் ஓடிப் புகுந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. ஊர் எல்லையைத் தாண்டினால் கரடியை விரட்டும் சாதனம் இல்லாமல் போகக்கூடாது. வெடிச்சத்தத் துப்பாக்கி, அதோடு ரைஃபிள். தூக்குகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சுடவும் சொல்வார்கள்.

மலேசியக்காரன் துப்பாக்கியைச் சினிமாவில் பார்த்ததோடு சரி. நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் நாம். குறிபலகை முன்னால் படுத்தபோது என் கை நடுங்கியது. குளிர் என்று சொல்லிக்கொண்டேன்.

ஸ்வால்பார்டில் கரடிக்கு 1973 முதல் பாதுகாப்பு. சுடுவது கடைசி வழி, சுட்டால் விசாரணை வரும். நான் போனபோது இல்லாத ஒரு விதி இப்போது இருக்கிறது: 2025 ஜனவரி முதல் கரடியிலிருந்து குறைந்தது 300 மீட்டர் விலகி இருக்க வேண்டும், மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். தாய்க்கரடி குட்டிகளோடு வெளியே வருகிற பருவம் அது. உங்கள் மகள் போகிற காலமும் அதுதான் அக்கா. ஆனால் அவளை யாரும் தனியாக அனுப்பமாட்டார்கள், எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று எழுதி வைத்துவிட்டுத்தான் கிளம்பணும்.

கரடியைவிட நரிக்குத்தான் புதியவர்கள் ஏமாறுவார்கள். வெள்ளையாக, பூனை மாதிரி வாசலுக்கே வரும். தொடக்கூடாது. அங்கே நரிக்கும் கலைமானுக்கும் வெறிநோய் உண்டு.

மார்ச் 8, காலை 10.10

இன்று ஓய்வு நாள், கொஞ்சம் நிதானமாக வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் கருவி கூரைமேல் ஒரு குழாய். அதன்வழி காற்றை இழுத்து ஒரு வடிகட்டித் தாளில் விடும் பம்ப். பினாங்கில் மேசைமேல் வைத்து ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் இல்லை. அங்கே போனதும் ஒவ்வொன்றாகக் கிளம்பியது. கேபிளின் வெளித்தோல் குளிரில் விறைத்து, மடக்கிய இடத்தில் பிஸ்கட்டாகப் பொடிந்தது. பம்பின் உள்ளே அசைகிற ரப்பர் சவ்வு (டயாஃப்ராம்) இறுகிப்போய் சத்தம் மாறியது. வெளியே நிற்கும்போதே லேப்டாப் பேட்டரி பாதியிலிருந்து நேராகச் செத்துப்போகும். சட்டைக்குள் வைத்துச் சூடாக்கினால் மறுபடி உயிர் வரும். குழாயின் வாயில் உறைபனி வளரும், காற்று வருகிற திசையைப் பார்த்து, மீன் செதில் போல. தட்டக்கூடாது, தட்டினால் தூள் உள்ளே போய்த் தாளை நனைக்கும். பல்துலக்கும் பிரஷால் வெளிப்புறமாக மெல்ல வழிக்கணும். தினமும் காலையில் பசியாறியதும் முதல் வேலை எனக்கு அதுதான்.

பக்கத்தில் ஜெர்மன், பிரெஞ்சு நிலையத்துக்காரர்களும் அதையே செய்துகொண்டிருப்பார்கள். சூரிய வெளிச்சத்தை அளக்கும் கருவிகளின் கண்ணாடிக் குமிழை ஒவ்வொன்றாகத் துடைப்பார்கள். முனைவர் பட்டம் வாங்கினவர் கையில் துடைக்கிற துணி. மதியம் அவர்கள் வானிலை பலூன் விடுவதைப் பார்க்கலாம், ஆள் உயரத்துக்கு மேல் பெரிய வெள்ளைப் பலூன், அடியில் சின்ன டப்பா. முப்பது கிலோமீட்டர் உயரம்வரை போய் வெடிக்கும். தினமும் ஒன்று. காற்று பலமாக இருந்தால் பலூனைப் பிடித்திருப்பவர் அதோடு சேர்ந்து ஓடுவது பார்க்கத் தமாஷாக இருக்கும்.

ஸ்டேட்டிக், அதாவது உடம்பில் சேரும் நிலைமின்சாரம், ஒரு பெரிய தொல்லை. குளிர்காற்றை உள்ளே இழுத்துச் சூடாக்கினால் ஈரமே இருக்காது. கம்பளி போட்டவன் கதவுக் கைப்பிடியைத் தொட்டால் பொறி பறக்கும். ஃபேக்டரியில் மணிக்கட்டில் கட்டுகிற எர்த் பட்டையை நான் பெட்டியில் கொண்டு போயிருந்தேன். முதல் வாரம் சிரித்த ஆட்கள் இரண்டாவது வாரம் இரவல் கேட்டார்கள்.

இதனால்தான் அக்கா, மகளை இப்போதே ஒரு ஸ்குரூடிரைவர், ஒரு மல்டிமீட்டர் பிடிக்கப் பழகச் சொல்கிறேன். அங்கே ஒரு உதிரிபாகம் குறைந்தால் பக்கத்து ஊர்க் கூலிமில் இருந்து வருவது போல் லாரியில் வராது. ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்யர்பியனிலிருந்து வாரத்துக்கு இரண்டு விமானம், பதினான்கு பேர் உட்காரும் சின்னது, அதுவும் மேகம் இறங்கினால் கிடையாது. ஒரு ஓ-ரிங்குக்காக (ரப்பர் வளையம்) ஒரு வாரம் மாதிரி எடுப்பது நின்றால் அந்த வருட வசந்தத்தில் அந்த வாரம் போனது போனதுதான். பாசிக்கும் அப்படித்தானே, ஏப்ரல், மே மாதத்தில் கடலில் பாசி ஒரேயடியாகப் பெருகுகிற காலம் சில வாரம்தான்.

மார்ச் 8, மாலை 4.00

"அவ்வளவு சுத்தமான இடத்தில் காற்றை ஏன் வடிகட்ட வேண்டும்?" என்று கிள்ளான் அண்ணன் கேட்டிருக்கிறார்.

சுத்தம் இல்லை அண்ணே. வசந்தத்தில் ஆர்க்டிக்கில் ஜெரபு (புகைமூட்டம்) வரும். நம்மூரில் சுமாத்ரா எரிந்தால் வருவது போல் அங்கே ஐரோப்பா, ரஷ்யா பக்கத்துத் தொழிற்சாலைப் புகை. குளிர்காலம் முழுக்க அங்கே காற்று அசையாமல் அடுக்காக நிற்கும், கழுவிவிட மழையும் குறைவு, அதனால் கந்தகத் துகளும் கரியும் சேர்ந்துகொண்டே போய் மார்ச், ஏப்ரலில் உச்சம். 1950களில் அந்த வழியாகப் பறந்த விமானிகள்தான் இதை முதலில் கவனித்துச் சொன்னார்கள். கோடையில் மேகமும் தூறலும் வந்தால் தெளிந்துவிடும். ஒரு வாரம் ஓடிய எங்கள் வெள்ளைத் தாள் லேசான சாம்பல் நிறத்தில் வரும். மூக்குக்கு ஒன்றும் தெரியாது, தாளுக்குத் தெரியும்.

ஊருக்கு மின்சாரம் டீசல் ஜெனரேட்டரில், போக்குவரத்து ஸ்னோ ஸ்கூட்டரில். யாராவது எங்கள் குழாய்க்குக் காற்று வருகிற பக்கம் ஸ்கூட்டரை ஓட்டினால் அன்றைய தாள் குப்பை. நான் சண்டை போட்டது அங்கே இது ஒன்றுக்குத்தான். நோர்வேக்காரர்கள் விவரமாக, செப்பலின் மலைமேல் 470 மீட்டருக்கும் அதிக உயரத்தில் ஒரு ஆய்வகம் கட்டிக் கேபிள் காரில் போய் வருகிறார்கள், ஊர்ப் புகைக்கு மேலே. கரியமில வாயுவை வருடக் கணக்காக அங்கே அளக்கிறார்கள்.

மார்ச் 13, இரவு 12.40

தூக்கம் வரவில்லை, மின்விசிறி நின்று அரை மணியாயிற்று. தூக்கத்தைப் பற்றி எழுத நல்ல நேரம்.

மகளிடம் சொல்லுங்கள், குளிர் பழகிவிடும். வெளிச்சம் பழகாது. பினாங்கில் வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் அரை மணிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அங்கே மார்ச், ஏப்ரலில் பகல் ஒவ்வொரு நாளும் இருபது நிமிடத்துக்கும் மேல் நீளும். நமக்கு ஒரு முழு வருடம் காட்டும் மாற்றத்தை இரண்டு நாளில் காட்டிவிடும். ஏப்ரல் 18 வாக்கில் சூரியன் மறைவதையே நிறுத்திவிடும், ஆகஸ்ட் கடைசிவரை அப்படித்தான்.

கேட்க அழகாக இருக்கும். இரவு பதினொன்றுக்கு வெயிலில் பனி பளபளக்கும், உடம்பு மாலை நாலு மணி என்று நினைத்துக்கொள்ளும். "இன்னும் ஒரு ஃபைல் பார்த்துவிடலாம்" என்று உட்காருவாள், நிமிர்ந்தால் மணி இரண்டு. இரவு ஷிப்ட் பார்த்தவர்களுக்கு இந்த வித்தை தெரியும்: தூக்கம் வந்தால் படுப்பது என்று இருக்கக்கூடாது, மணி அடித்தால் படுக்கணும். சன்னலை இருட்டாக அடைத்து, கண் பட்டை கட்டிக்கொண்டு. சாப்பாட்டு நேரம் ஏன் அவ்வளவு கறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாளைப் பிரிக்க அங்கே வேறு எதுவும் கிடையாது.

எங்கள் குழுவில் ஒரு மலாய் நண்பர், நோன்பு மாதத்தின் கடைசிப் பகுதியில் சூரியன் மறைவதை நிறுத்திவிட்டது. அவர் மெக்கா நேரத்தை வைத்து நோன்பு திறந்தார். சமையல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தார், தட்டில் மூடித் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். நானும் பல நாள் அவரோடு உட்கார்ந்து இரண்டாவது முறை சாப்பிட்டேன், துணைக்கு என்று சொல்லி.

மார்ச் 14, காலை 7.30

மின்சாரம் மூன்று மணிக்கு வந்தது.

மார்ச் 19, இரவு 8.45

சில்லறைக் கேள்விகளுக்குச் சேர்த்து.

தமிழ் பேச ஆள் கிடைக்குமா? வாய்ப்பு உண்டு. இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் 2008 முதல் அங்கே இருக்கிறது. ஊருக்கு முன்னால் நிலத்துக்குள் நீளும் கடல் வாயில் (ஃபியோர்டு) 2014இல் 192 மீட்டர் ஆழத்தில் இறக்கிய இண்டார்க் என்ற அளவைக் கருவித் தொடர், சென்னையில் இருக்கிற கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் கைவேலை. நான் இருந்தபோது ஒரு சென்னைக்காரர் வந்தார். நான் "பசியாறியாச்சா" என்று கேட்டதற்கு அவர் விழித்தார், அவர் "டிபன் ஆச்சா" என்றார், சரி என்று காப்பி குடிக்கப் போனோம்.

நான் போனபோது சீன நிலையத்தின் வாசலில் இரண்டு கல் சிங்கங்கள் இருந்தன. பினாங்குக்காரனுக்கு அதைப் பார்த்ததும் கை தானாக ஊதுபத்தி தேடியது.

வசந்தம் என்றால் பூ பூக்குமா? இல்லை, ஏப்ரல் முழுக்க வெள்ளைதான். வசந்தம் வந்ததற்கு அடையாளம் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சின்னக் குருவி. தெற்கிலிருந்து பறந்து வந்து கூரை விளிம்பில் உட்கார்ந்து கத்தும். ஸ்வால்பார்டில் வழக்கமாகக் கூடுகட்டும் பாட்டுப் பறவை அது ஒன்றுதான். அது வந்த அன்று மேசையில் எல்லாருக்கும் அதே பேச்சு.

கடல் உறைந்திருக்குமா? உறையும் என்று நினைத்துத்தான் நானும் போனேன். 2006இலிருந்து அந்தக் கடல் வாய் சரியாக உறைவதே குறைந்துவிட்டது, அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் உள்ளே வருகிறது. பாசி ஆராய்ச்சிக்கு அது ஒரு முக்கியமான கேள்வி, மகள் மேற்பார்வையாளரிடம் கேட்டால் நான் சொல்வதைவிட நன்றாகச் சொல்வார். குளிர்காலத்தில் மழைகூடப் பெய்கிறது. பனிமேல் மழை விழுந்து கண்ணாடியாக உறைந்தால் கலைமானால் அடியில் இருக்கும் செடியைக் கிளற முடியாது. வீடுகளுக்கு நடுவே எலும்பும் தோலுமாக ஒரு மான் நின்றது, யாரும் தீனி போடக்கூடாது என்பது விதி. போடாமல் கடந்து போவது கஷ்டம்.

மார்ச் 20, காலை 6.55

அக்கா, தனிச்செய்தியில் கேட்டதற்கு இங்கேயே சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும். பல் மருத்துவரிடம் கிளம்பும்முன் காட்டிவிடுங்கள். மருத்துவமனை லாங்யர்பியனில்தான், அதுவும் சின்னது, பெரிய சிக்கலென்றால் நோர்வே நிலப்பகுதியில் டிரோம்சோவுக்குத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். காப்பீட்டில் தேடல், மீட்பு இரண்டும் எழுத்தில் இருக்கணும். பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும் என்று விடாதீர்கள், பாலிசியை வாங்கிப் படியுங்கள். மலேசியப் பாஸ்போர்ட் என்றால் சில வாரப் பயணத்துக்கு ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகளின் பொது எல்லை) விசா தேவையில்லை. வேறு பாஸ்போர்ட் என்றால் பலமுறை நுழைகிற விசா வேண்டும், ஸ்வால்பார்டு அந்த எல்லைக்கு வெளியே, போனவள் திரும்பி நோர்வே நிலப்பகுதி வழியாகத்தான் வரணும். காலணி இரண்டு சோடிக் காலுறை போட்டுப் பார்த்து, ஒரு சைஸ் பெரிதாக. மல்டிமீட்டர் என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது, பாயான் பாரு பக்கம் வந்தால் வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். பேட்டரி மட்டும் புதுசு போடணும்.